குண்டூசி வேண்டாம்

மாஸ்டர் வீட்டில் நடக்கும் மாலைத் தையல் வகுப்பு கலைந்துவிட்டது. நான் மட்டும், கோணலோ என்று சந்தேகப்பட்டுப் பிரித்த தையலை மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன். குளியலறைக்குள் மாஸ்டரின் மகள் விசும்புகிறாள். இன்றுதான் அவளுக்கு முதல் மாதவிடாய். அவள் அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. "நாப்கின் நிக்கவே மாட்டேங்குதுப்பா. நடந்தா விழுந்துடும். நான் வெளிய வர மாட்டேன்." "அப்பா இருக்கேன்ல, அழாத கண்ணு." மாஸ்டர் மேசை விளக்கடியில் புது உள்ளாடையை விரித்து, அதன் நடுவில் இன்னொரு நாப்கினை வைத்து நீவிவிடுகிறார். எத்தனையோ காலர்களை நீவிய விரல்கள். நகராமலிருக்க மூலைக்கு ஒன்றாகக் குண்டூசி குத்துகிறார். சொல்லலாமா கூடாதா என்று குழம்பி, கடைசியில் சொல்லிவிடுகிறேன். "மாஸ்டர், குண்டூசியெல்லாம் வேண்டாம். அடியில இருக்கிற தாளை உரிச்சா பசை இருக்கும். அந்தப் பக்கத்தைத் துணியில ஒட்டணும்." அவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். உள்ளே விசும்பல் நிற்கிறது. "குண்டூசியா? ஏம்ப்பா, நான் என்ன சட்டையா?" கதவுக்கு அந்தப் பக்கம் தாள் உரியும் சத்தம் கேட்கிறது. மாஸ்டர் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உதட்டில் கவ்வியிருப்பதால், சிரிக்க முடியாமல் நிற்கிறார். தாழ்ப்பாள் விலகுகிறது.