மருந்து பூசாத மூன்று நாள்

திமிங்கலச் சுறாவைக் காயப்படுத்தியவன், அந்தக் காயம் ஆறும்வரை அதன் வலியைத் தன் உடம்பில் அனுபவிக்க வேண்டும் என்பது சட்டம். படகோட்டி தொம்மையின் முதுகில், சுறாவின் வலியை அவன் உடம்புக்குக் கடத்தும் வலிப்பட்டையை ஒட்டிவிட்டார்கள். தடைசெய்யப்பட்ட கடலில் அவன் படகை விரட்டியதில் சுறா வெட்டுப்பட்டது; அதோடு நீந்திக்கொண்டிருந்த, முக்குளிக்கும் ஜெசிந்தாவின் அண்ணனும் செத்துப்போனான். அதை மட்டும் விபத்து என்று விட்டுவிட்டார்கள்.

சுறாவுக்கு மருந்து பூசும் முக்குளிப்பு வேலை ஜெசிந்தாவுக்கு வந்தது. முதல் மூன்று நாளும் அவள் கடலில் இறங்கி, பூசாமலே ஏறினாள். கரையில் தொம்மை அலறியதைக் கேட்டு அவள் நெஞ்சு குளிர்ந்தது.

நாலாம் நாள் காலையில் அவன் மனைவி சலேத்தாள் வந்து காலில் விழுந்தாள். "எக்கா, அவரு துடிக்காரு. கொஞ்சம் மருந்து போடுங்கக்கா."

"எங்கண்ணன் துடிச்சப்போ ஒம் புருசன் படக நிறுத்துனானா?"

அன்றும் பூசக்கூடாது என்றுதான் இறங்கினாள். சுறாவின் வெட்டுவாயில் சதை வெளுத்துக் கிடந்தது. சிறுமீன்கள் அதைக் கொத்தித் தின்றன. அவளைக் கண்டும் சுறா விலகவில்லை. பக்கத்தில் வந்து மெல்ல நீந்தியது.

ஜெசிந்தா மீன்களை விரட்டிவிட்டு, காயம் முழுக்க மருந்தை அப்பினாள். அந்தப் பாவி இன்றைக்கு அயர்ந்து தூங்குவானே என்று நினைத்து நினைத்து, முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.