அப்பா வீட்டு மீட்டர்

பெருந்தொற்றுக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க முடியாததால், குடிநீர் வாரியம் புதிய மீட்டர்களைப் பொருத்தியது. குழாயைத் திறந்தால் வாரிய ஊழியர்களின் கணினித் திரையில் எண் ஓடும். தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் ஒரு நாள் முழுக்க எண் ஓடாவிட்டால் போன் செய்து விசாரிக்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே அவள் பார்த்த வேலை அது.

புதன்கிழமை எண் ஓடாமல் நின்றது அவளுடைய அப்பாவின் வீட்டில்.

“இப்பத்தானேம்மா குளிச்சேன்” என்றார் அப்பா. குழாயைத் திறந்தும் காட்டினார். போனில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. திரையில் பூஜ்யம்.

ஊரடங்கு அனுமதிச் சீட்டோடு வாரிய ஃபிட்டர் போய் மீட்டரை மாற்றிவிட்டு அவளை அழைத்தார்.

“மேடம், நான் திறந்தா ஓடுது. உங்கப்பா திறந்தா நிக்குது. நாலு தடவை பாத்துட்டேன். வாளி மட்டும் ரெண்டு பேருக்கும் நிறையுது.”

பின்னால் அப்பா சிரித்தார். “உங்க மிஷினுக்கு நான் ஆளாவே தெரியலையாம்மா?”

ஃபிட்டர் கிளம்பியதும் அவள் அப்பாவின் போனுக்கு அழைத்தாள்.

“போனை வைக்காதீங்கப்பா” என்றாள்.

அப்பா பேசிக்கொண்டே பாத்திரம் கழுவினார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. அவள் பூஜ்யத்தைப் பார்த்தபடி “ம்” கொட்டிக்கொண்டிருந்தாள்.