கீழே நிற்பவள்

பார்த்துப் போடுகிறான்.

சுத்தியலின் பிளந்த வாயை கட்டையில் இருந்த ஆணித் தலையில் மாட்டியபடியே முப்பிடாதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூரை விளிம்பில் குத்தவைத்திருக்கிறான் அவள் புருஷன் மாசானம். முகட்டில் இருப்பவன் கழற்றித் தரும் ஓடு ஒன்றை வலக்கையால் வாங்குகிறான். இடக்கைக்கு மாற்றுகிறான். குனிந்து, கீழே நிற்கும் புது ஆள் சந்தனமாரியைப் பார்க்கிறான். ஒரு நொடி நிறுத்துகிறான். அதற்குப் பிறகுதான் ஓட்டை விடுகிறான்.

அந்தப் பெண் பிடிக்கிறாள். அடுக்குகிறாள். திரும்பி வந்து அண்ணாந்து நிற்கிறாள்.

மறுபடியும் பார்க்கிறான்.

ஓட்டுக்கு ஒரு பார்வை. கூரையில் இன்னும் எவ்வளவு ஓடு கிடக்கிறது!

கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்தில் நின்றது முப்பிடாதிதான். இடிக்கப்போகிற வீடோ, குடோனோ, எதுவானாலும் மேலே அவன், கீழே இவள். அவன் முகம் முகட்டுப் பக்கமே இருக்கும். கை மட்டும் கீழே நீளும். ஓடு வரும். இவள் கை அங்கே இருக்கும். அவ்வளவுதான். ஒரு நாளாவது குனிந்து பார்த்திருப்பானா? மூச்! தாலிக்கயிற்றில் மஞ்சள் மாறாத காலத்திலேயே பார்த்ததில்லை.

"பாக்காமலே போடுதான். அவளும் பிடிக்காளே" என்று மற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள். இவளுக்கும் அதில் ஒரு மிதப்பு இருந்தது. நேற்று வரைக்கும் இருந்தது.

காலையில் மேஸ்திரிதான் ஆளை மாற்றினார். இந்தப் பழைய தீப்பெட்டி ஆபீஸில் ஓடு உட்கார்ந்திருந்த ரீப்பர் கட்டை அத்தனையும் தேக்கு. கை பழகாதவர்கள் ஆணி பிடுங்கினால் பிளந்துவிடும், அப்புறம் அடுப்புக்குத்தான் ஆகும். நாளைக்கு இடிக்கப் பொக்லைன் வந்துவிடும். அதற்குள் முழுசாகக் கழற்றியதுதான் மிச்சம்.

"முப்பிடாதி ஆணிக்குப் போவட்டும். அந்தப் புதுப்பிள்ள ஓடு பிடிக்கட்டும்" என்றார்.

மாசானம் "சரி" என்றான்.

உடனே சொன்னான். எச்சில் விழுங்குகிற நேரம்கூட எடுக்கவில்லை. இல்லை அண்ணாச்சி, எனக்கு அவள்தான் சரிப்படுவாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா?

சந்தனமாரிக்குச் சின்ன வயது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். தலைத்துண்டைக் கட்டியிருக்கிற அழகைப் பார்! ஓடு பிடிக்க வந்தவளுக்கு நெற்றியில் எதற்கு அவ்வளவு பெரிய பொட்டு?

பார்க்கிறான். போடுகிறான்.

முப்பிடாதிக்கு வயிறு எரிந்தது. இழுத்த இழுப்பில் ஆணியோடு கட்டையும் நீளவாக்கில் பிளந்தது.

பிளந்ததை மேஸ்திரி கண்ணில் படாமல் அடுக்குக்கு அடியில் செருகினாள். சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்தாள். நேரே போய்ச் சந்தனமாரியை இடுப்பால் இடித்து ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் நின்றாள்.

"தண்ணி குடிச்சிட்டு வா, போ."

அந்தப் பெண்ணுக்கு அப்பாடா என்றிருந்தது. தோளைத் தடவிக்கொண்டு குடத்தைப் பார்த்து ஓடினாள்.

மேலே மாசானம் குனிந்தான். கீழே நிற்பது யார் என்று கண்டான்.

முகம் முகட்டுக்குத் திரும்பிவிட்டது. கை மட்டும் நீண்டது.

ஓடு வந்தது. பிடித்தாள்.

அடுத்தது வந்தது. பிடித்தாள்.

ஒரு சிரிப்பு இல்லை. வந்துட்டியா என்று ஒரு சொல் இல்லை. கிணற்றுக்குள் வாளியை விடுகிற மாதிரி விட்டுக்கொண்டே இருந்தான்.

அடுத்த ஓடு வந்தபோது அவள் இரண்டு கைகளையும் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

காலடியில் விழுந்து சிதறியது. ஒரு சில்லு கணுக்காலில் தெறித்தது.

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

மாசானம் குனிந்து பார்த்தான்.

அவள் நிமிர்ந்து நின்றாள். பார் ராசா, நன்றாகப் பார். இவ்வளவு நாள் பார்க்காததையும் சேர்த்துப் பார்.

அவன் அடுத்த ஓட்டை வாங்கினான். குனிந்தான். சந்தனமாரிக்குச் செய்த மாதிரியே ஒரு நொடி நிறுத்தினான்.

நேர் கீழே நின்று அண்ணாந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் கண் முகத்துக்கு வரவே இல்லை. நேரே கைக்குப் போனது. விரல் விரிந்திருக்கிறதா, இது பிடிக்குமா, விட்டுவிடுமா என்று பார்த்தது. பார்த்தும் நம்பாமல், மெதுவாக விட்டான்.

இதற்குத்தானா அவ்வளவு எரிந்தாள்?

பிடித்தாள்.

அடுத்த ஓட்டுக்கும் குனிந்தான். அதற்கடுத்த ஓட்டுக்கும் குனிந்தான். இன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவளுக்குப் போடுவது போலப் போட்டான்.

அவன் பார்க்காமல் போட்ட அந்த நம்பிக்கை ஒன்றுதான் இருந்தது, அதையும் தன் கையாலேயே உடைத்துக்கொண்டோமே என்றிருந்தது அவளுக்கு.

"நீரு பாக்காமப் போடும்!"

கத்திவிட்டாள். குடத்தடியில் நின்ற சந்தனமாரி செம்பை வாயிலிருந்து எடுத்தாள்.

மாசானம் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். முகட்டில் இருந்தவன் இன்னொன்றை நீட்டியபடி காத்திருந்தான்.

முப்பிடாதி கைகளை உயர்த்தினாள். மேலே அவன் பார்க்கிறானா, முகத்தைத் திருப்பிக்கொண்டானா என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் துணிவு வரவில்லை.

கையை நீட்டிவிட்டு, தரையில் கிடந்த சில்லுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.