கெட்டிமேளத்துக்கு நடுவே ஒரு கேள்வி

அரசுப் பணித் தேர்வு இப்போதெல்லாம் ஒரே நாளில் முடிவதில்லை. ஆண்டு முழுக்க, தினமும் ஒரு நடப்பு நிகழ்வுக் கேள்வி, தனக்குத் தோன்றிய நேரத்தில் போனில் வரும். ஒரு நிமிடத்துக்குள் சரியாகச் சொல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பூங்கோதைக்கு அன்று கடைசிக் கேள்வி. ஞானவேல் தாலியைக் கழுத்தருகே கொண்டுவந்தபோது அது வந்தது.

"கொஞ்சம் பொறுங்க" என்று கையை உயர்த்தினாள். கெட்டிமேளம் பாதியில் நின்றது.

"முதியோர் குடைத் திட்டத்தின் இன்றைய பெயர் என்ன?" என்று போனைப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"முகூர்த்தம் போகுதும்மா!" என்று புரோகிதர் பதறினார்.

"கவலையை விடுங்க" என்றார் மாமனார். "காலையில பேரை மாத்தின அமைச்சரே முன்வரிசையில இருக்காரு."

அமைச்சர் கம்பீரமாக எழுந்தார். "மக்களின் நெஞ்சமெல்லாம் நிறைந்த அந்த மகத்தான..." என்று தொடங்கி, உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க சார்" என்றாள் பூங்கோதை. அலங்காரத்துக்கு உட்கார்ந்தபோதும் காலைச் செய்தியை அவள் விடவில்லை. 'வெண்குடை நிழல்' என்று தட்டினாள். திரை பச்சையானது.

"இப்பக் கட்டுங்க."

"கை மரத்துப்போச்சு" என்றபடி ஞானவேல் மூன்று முடிச்சையும் போட்டான்.

அட்சதை தூவ மேடையேறிய அமைச்சர் அவள் காதருகே குனிந்தார். "அந்தப் பேரை இன்னொருதரம் சொல்லும்மா. வாழ்த்துரையில அதைப் பத்தித்தான் பேசணும்."

"எழுதிக்கோங்க சார்" என்றாள் பூங்கோதை. "ஒரு நிமிஷம்தான் டைம்."