மாடி வீட்டு மீன் நாற்றம்

"சைவம் மட்டும்தான்னு ஒத்துக்கிட்டுத்தானே குடி வந்தீங்க? அப்புறம் எப்படிம்மா கீழ வரைக்கும் மீன் நாறுது?"

ஓசூர் பாகலூர் ரோட்டில் சொந்த வீடு கட்டியிருக்கும் கமலக்கண்ணன், மாடிப்படி ஏறி வந்து கேட்டார். கோபம் வந்தால் பாதி கன்னடத்தில் திட்டுவார். அன்றைக்கும் திட்டினார். மாடியில் குடியிருந்த பொற்கொடி வாயே திறக்கவில்லை.

அவளும் புருஷன் மாடசாமியும் தூத்துக்குடிக்காரர்கள். அவனுக்கு சிப்காட்டில் வேலை. மகள் அனிதா பத்தாவது. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் என்பதால், இந்த வீட்டுக்காகவே வீட்டில் மீனை விட்டவர்கள். ரொம்ப ஆசை வந்தால் ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் திரும்புவார்கள்.

மனுஷர் நம்ப வேண்டுமே. ஒருநாள் நேராகச் சமையல்கட்டுக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்த்தார். பீர்க்கங்காய்க் கூட்டு. மீனை ஒளித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன்கூட மூக்கைப் பொத்துகிறானாம். உங்கள் வீட்டு நாற்றம் என் சட்டை வரைக்கும் ஏறிவிட்டது என்று அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

அவர் மனைவி சாந்தம்மாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு சைனஸ். மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான்.

இத்தனை கலவரத்திலும் கமலக்கண்ணன் தொப்பையைக் குறைக்கும் முயற்சியை விடவில்லை. பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு, பெங்களூரிலிருந்து கார்னிடைன் பவுடர் வரவழைத்திருந்தார். உடற்பயிற்சியோடு சாப்பிட்டால் கொழுப்பு கரையுமாம். காலையில் ஒரு ஸ்பூன் என்று டப்பாவில் போட்டிருந்தது. சீக்கிரம் கரையட்டுமே என்று மூன்று வேளையும் குவித்துக் குவித்துக் கலக்கிக் குடித்தார். ஜிம்முக்குப் போகத்தான் நேரம் கிடைக்கவில்லை.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பரீட்சை முடியட்டும் சார் என்று மாடசாமி கெஞ்சினான். முடியாது என்றுவிட்டார். புள்ளை அழுதது.

இதற்குள் கமலக்கண்ணனுக்கு வயிறு கலக்க ஆரம்பித்தது. டாக்டரிடம் போனார்.

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மதியம் மீன் சாப்பாடா என்று கேட்டார். கமலக்கண்ணனுக்குச் சுருக்கென்றது. பரம்பரையாகவே சைவம் என்றார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் பவுடர் விஷயம் வெளியே வந்தது.

"கார்னிடைனை அளவா எடுத்தா பெரும்பாலும் தொந்தரவு இல்ல சார். ஆனா உட்கார்ந்த இடத்துல குடிச்சா தொப்பை கரையாது. இப்படி அள்ளிக் குடிச்சா வயிறும் கெடும், வேர்வையில மீன் நாத்தமும் அடிக்கும். இப்ப உங்க மேல அடிக்குது."

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் குப்பையில் போட்டார். கொஞ்ச நாளில் நாற்றம் போய்விட்டது. மாடியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்ல வாய் வருமா? மேலே போய், சாக்கடை அடைப்புதான் காரணம், ஆள் வைத்து எடுத்தாச்சு, நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்று சமாளித்தார்.

மாடசாமி கையெடுத்துக் கும்பிட்டான். அனிதா புத்தக மூட்டையை அவிழ்க்க ஓடினாள்.

அவர் இறங்கும்போது பொற்கொடி படி வரைக்கும் வந்தாள். புருஷன் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரைப் பார்த்துட்டீங்களா சார்?"

கமலக்கண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கடற்கரையில பொறந்தவ சார் நான். முதல் நாள் நீங்க சண்டைக்கு வந்தப்பவே வாடை எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. வயசுல பெரியவங்க, உங்க மேலதான்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதான் பேசாம வீட்டைக் காலி பண்ணிரலாம்னு இருந்தேன்."