ஒரு ஆளைக் காட்டும்

“எச்.ஐ.வி. சோதனைக்கு இந்தச் சபை ஒரு சதமும் தராது!” பிரதேச சபைத் தவிசாளர் சந்தியோகு மேசையில் அடித்தார். “எங்கட ஊரில ஆருக்கு அந்த வருத்தம்? ஒரு ஆளைக் காட்டும் பாப்பம்!”

“பேர் சொல்ல ஏலாது, ஐயா,” என்றாள் தாதி ஜெனிற்றா.

“பொய்! காசுக்காக ஊரை நாறடிக்கிறீர். நான் கட் பண்ணப் பண்ண என்ர போனுக்கும் அடிச்சுக் கரைச்சல் குடுக்கிறீர்!”

உறுப்பினர்கள் சிரித்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன, நிதி நிறுத்தப்பட்டது.

வாசலில் அவருடைய வாகனத்தை ஜெனிற்றா மறித்தாள்.

“இன்னும் காசோ?”

“இல்லை, ஐயா.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “வங்காலைக் கோயில் திருநாளில இரத்ததானம் செய்தனீங்கள். அதைச் சோதிச்ச இரத்த வங்கிதான் உங்களோட கதைக்கச் சொன்னது. நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்கோ. பேரை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”