பால் சேர்க்காத சூப்

“முப்பது வருஷமா பால் கறந்து பிழைக்கிறவனை, பாலே ஆகாதுங்கிற கடைக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போறியே, உனக்கே இது நல்லா இருக்கா?” என்றார் டெட்சுயா, காரை ஓட்டிக்கொண்டே.

“ரெண்டு நாள் என் இஷ்டப்படி ஊர் சுத்தலாம்னு ஒத்துக்கிட்டீங்க இல்ல? இப்ப என்ன முனகல்?” என்றாள் மிட்சுயோ.

“பூப் பார்க்கத்தான் ஒத்துக்கிட்டேன். புல் தின்ன இல்லை.”

வீட்டில் எழுபது மாடுகள். காலையும் மாலையும் கறவை. அதனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து வெளியூரில் தங்குவது இது மூன்றாவது தடவை. ஒரு மாதமாக நச்சரித்து, கறவைக்குப் பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஆள் ஏற்பாடு செய்து, மிட்சுயோ அவரைக் கிளப்பியிருந்தாள். ஜூலையில் ஃபுரானோ ஊரின் லாவெண்டர் பூக்களைப் பார்க்காமல் செத்துப்போனால் ஆவியாக வந்து மாடுகளைப் பயமுறுத்துவேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

குன்றுச் சரிவு முழுக்க ஊதா வரிசைகள். பஸ் பஸ்ஸாக வந்திறங்கிய கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. டெட்சுயா ஒரு ஐஸ்கிரீம் வாங்கி வந்து மனைவியிடம் நீட்டினார்.

“இதுல பால் இருக்கு. இப்பவே சாப்பிட்டுக்க. மத்தியானம் கிடைக்காது.”

அவள் சிரித்தாள். ஆனால் ஐஸ்கிரீம் உருகி விரலில் வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை. மனசெல்லாம் மத்தியானச் சாப்பாட்டில்தான் இருந்தது.

அந்த வீகன் உணவகம் அவர்களுடைய ஒரே மகள் ஹோனமி நடத்துவது. அதை மிட்சுயோ டெட்சுயாவிடம் சொல்லவில்லை.

பண்ணையை எடுத்து நடத்துவாள் என்று நம்பியிருந்த மகள், மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள், “பிறந்த அன்னிக்கே கன்னுக்குட்டியைத் தாய்கிட்டேயிருந்து பிரிக்கிறதை என்னால பார்க்க முடியலைப்பா. இனிமே பாலும் குடிக்க மாட்டேன்” என்றாள்.

“அந்தப் பால்லதான் நீ வளர்ந்தே. அது கசக்குதுன்னா இந்த வாசப்படியை மிதிக்காதே!” என்று கத்தினார் டெட்சுயா.

அவள் மிதிக்கவில்லை. அவர் அவள் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். வைக்கோல் கொட்டகைக்குள் நின்று மிட்சுயோ மட்டும் ரகசியமாக மகளுக்குப் போன் செய்வாள். அப்பா பேச்சை எடுத்தாலே ஹோனமி பேச்சை மாற்றிவிடுவாள். போன வருஷம் அவள் தொடங்கிய கடையை மிட்சுயோ இதுவரை பார்த்ததில்லை. இன்று வருவதாக அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாளோ என்ற பயம்.

குன்றிலிருந்து இறங்கியதும், மிட்சுயோ வழி சொல்ல வாயைத் திறப்பதற்குள் டெட்சுயா காரை இடப்பக்கம் திருப்பினார்.

“போர்டு இருந்துச்சு” என்றார்.

சின்னக் கடை. ஆறு மேசைகள். சனி, ஞாயிறு மட்டும் வேலைக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி பரிமாறினாள். சோயா பாலில் செய்த சோளச் சூப், மொறுமொறுவென்று உருளைக்கிழங்குப் பொரியல் உருண்டை, வறுத்த பூசணி, பச்சை சோயா கலந்த சோறு.

“மீனில்லை, முட்டையில்லை, வெண்ணெயில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு” என்றார் டெட்சுயா.

“மெதுவாப் பேசுங்க. உள்ளே கேட்டுடும்.”

“கேட்கட்டுமே.”

சொன்னாரே தவிர, சூப்புக் கிண்ணத்தைத் தூக்கி வாயில் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மறுபடி சோறு கேட்டு வாங்கினார். மனைவி பார்ப்பதைக் கண்டதும், “பசி. பசிக்கு எதுவும் உள்ளே இறங்கும்” என்றார்.

மிட்சுயோ இதற்காகத்தான் காத்திருந்தாள். அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, கோபப்பட்டு எழுந்து போயிடக் கூடாது. இது... நம்ம ஹோனமியோட கடை. நீங்க இப்ப சாப்பிட்டது அவ கைச் சமையல்.”

டெட்சுயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவகிட்ட பேசிட்டுத்தான் இருந்தியா?” என்றார்.

“மூணு வருஷமா. கொட்டகையில இருந்து போன் பண்ணுவேன். உங்ககிட்ட மறைச்சது தப்புதான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவளை ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்க. அவளுக்கும் உங்களை விட்டா வேற அப்பா கிடையாதுங்க.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டெட்சுயா சங்கடத்தோடு கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

“அழாதே. எல்லாரும் பார்க்கறாங்க. நான் எங்கேயும் எழுந்து போகலை.”

அந்த நேரம் அடுக்களைத் திரை விலகியது. கையில் தட்டோடு வெளியே வந்த ஹோனமி அவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். டெட்சுயா அவளைப் பார்த்து வேகமாக, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். மிட்சுயோ கைக்குட்டையைக் கசக்கினாள். இன்னும் மனம் இறங்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

ஹோனமியோ தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக அப்பாவிடம் திரும்பினாள்.

“ஒருவழியா அம்மாகிட்ட சொல்லிட்டீங்களாப்பா? அப்பாடா! இனிமே வியாழக்கிழமை தவறாம, சங்கத்துக்குப் போறதாச் சொல்லிட்டு ஒளிஞ்சு வந்து, சாப்பிட்டுட்டு, பாத்திரமும் கழுவிக் கொடுத்துட்டு, சாயங்காலக் கறவைக்கு ஓட வேண்டாம்!”